முன்னால் வந்தவன்

மாரிச்செல்வியின் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டால் அது வெற்றிடத்தோடு திரும்பி வராது. கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் பதினாறு வருடமாக டைம்கீப்பராக இருப்பவள் அவள். பேருந்துகள் தாமாக ஓடத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. டிரைவர் என்று ஒருவர் சட்டத்துக்குப் பயந்து முன் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறார். ஆனாலும் எந்த வண்டி எத்தனை மணிக்கு நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் ஒரு மனுஷிதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலைக்கும் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே யாரோ அதைக் கல்லால் அடித்துவிட்டார்கள். மாரிச்செல்வியின் மேல் கல்லெறிய இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆகவே, பெரிய ஆஸ்பத்திரியில் தம்பி மனைவி சஷ்டிகாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோனதும், வரவேற்பு மேசைப் பெண் நீட்டிய படிவம் மாரிச்செல்வியிடம்தான் வந்து சேர்ந்தது. தம்பி இசக்கிராஜ் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை. நாலு நாளாகத் தலைவலி, காய்ச்சல் என்று படுத்திருந்தவள் அன்று காலை குளியலறையில் கை கால் வெட்டி இழுத்து விழுந்ததைப் பார்த்த பயம் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை. குழந்தையின் தகப்பன் ரத்தமும் வேண்டும் என்று ஒரு நர்ஸ் வேறு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சஷ்டிகாவுக்குத் தாய் இல்லை. அப்பா எங்கோ நடுக்கடலில் சரக்குக் கப்பலில் இருந்தார்.

படிவத்தில் குலதெய்வத்தின் பெயரைத் தவிர எல்லாம் கேட்டிருந்தார்கள். பெயர் சஷ்டிகா. வயது இருபத்தெட்டு. ஏழாம் மாதம், இருபத்தாறு வாரம். 'இது எத்தனையாவது கர்ப்பம்?' என்ற இடத்தில் 'முதல்' என்று எழுதினாள். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் சஷ்டிகாவுக்கு ஒரு கரு தங்கி, ஐந்தாம் மாதத்தில் கலைந்து போனது. ஆண். துணியில் சுற்றிக் கொடுத்ததை இசக்கிராஜ்தான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் மாரிச்செல்வி வீட்டுக் கூடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"இதக் கணக்குல சேக்கக் கூடாது. இனி வாரதுதான் தலைச்சன். யாரும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசப்பிடாது. அவளும் அழுது உடம்பக் கெடுத்துக்கிடக் கூடாது."

கல்மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். பேருந்து நிலையத்திலும் அதுதான் நடைமுறை. எட்டயபுரம் தாண்டி பாதி வழியில் நின்றுபோன வண்டிக்கு 'டிரிப் கட்' என்று ஒரு கோடு இழுத்துவிடுவாள். ஊர் போய்ச் சேராத டிரிப் கணக்கில் வராது. அடுத்ததாகக் கிளம்பும் வண்டிதான் முதல் டிரிப்.

அதன்படியே, முதல் பிள்ளைக்கு மட்டும் செய்கிற வளைகாப்பை இந்தக் கர்ப்பத்துக்கு ஜாம்ஜாம் என்று நடத்தினாள். ஒன்பது நாளைக்கு முன்னால்தான். பந்தல், ஏழு வகைச் சாதம், கண்ணாடி வளையல் எல்லாம் அவள் ஏற்பாடு. வளையல் போட மட்டும் அவள் முன்னால் வரவில்லை. பிள்ளை பெற்றவர்கள்தான் போட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாரிச்செல்விக்கு நாற்பத்தாறு வயது, பிள்ளை கிடையாது. அவள் புளிச்சாத அண்டாவின் பக்கத்தில் நின்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சஷ்டிகா இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் திரும்பி அவளைத் தேடினாள்.

அந்த வளையல்களைத்தான் இப்போது ஸ்கேன் அறைக்குள் போகுமுன் ஒரு நர்ஸ் சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாரிச்செல்வியிடம் கொடுத்தாள். பிரசவம் ஆகும் வரை கழற்றக் கூடாத வளையல். மாரிச்செல்வி எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். இருபத்தொன்று.

*

டாக்டர் பெனிட்டா தெற்கே நாசரேத் ஊர்க்காரர். மெலிந்த உடம்பு, கண்டிப்பான கண்ணாடி. அக்காளையும் தம்பியையும் உட்கார வைத்து அவர் சொன்னது இதுதான்.

"இது குளத்துக் காய்ச்சல். வெயில் கூடிப்போய் குளம் குட்டையெல்லாம் வெந்நீரா ஆனதுக்கப்புறம் வந்த கிருமி. தண்ணி வழியா உள்ள போய் நேரா மூளைச் சவ்வுல உட்காந்துக்கும். இதைக் கொல்ற மருந்து ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது கருவையும் சேத்துக் கொன்னுடும்."

இசக்கிராஜ் விக்கித்துப்போய் அக்காளைப் பார்த்தான்.

"வேற வழியே இல்லியா டாக்டரம்மா?" என்றாள் மாரிச்செல்வி.

"இருக்கு. அதுக்குத்தான் உங்களை கோவில்பட்டியிலேருந்து இங்க அனுப்பியிருக்காங்க. பிள்ளைக்காவல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"டிவியில பாத்திருக்கேன். புரியல."

"வயித்துல பிள்ளை வளர்றப்போ அதோட அணுக்கள் கொஞ்சம் தாயோட ரத்தத்துக்குள்ள வந்துடும். இது எல்லாத் தாய்க்கும் நடக்கிறதுதான். ரத்தத்தோட போய் அங்கங்க தங்கிடும். மூளையிலகூடத் தங்கும். நாங்க கொடுக்கிற மருந்து கிருமியை ஒண்ணும் செய்யாது. சும்மா தூங்கிட்டிருக்கிற அந்த அணுக்களை எழுப்பி விடும். எழுந்து பெருகி, வீக்கம் எங்க இருக்கோ அங்க போயி, கிருமியையும் தின்னு புண்ணையும் ஆத்தும்."

"அப்ப பிள்ளைதான் தாய்க்கு வைத்தியம் பாக்குது."

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க. ஒரே ஒரு பயம் இருக்கு. சில சமயம் பிள்ளை அளவு தெரியாம கொடுக்க ஆரம்பிச்சிடும். தன்னோட ரத்தத்தையே அம்மா பக்கம் இறைச்சு விட்டுட்டு உள்ளுக்குள்ள வத்திப்போயிடும். அதனால ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவோட ரத்தத்தை எடுத்து எண்ணிக்கிட்டே இருப்போம். நானூறுக்குள்ள இருக்கிற வரைக்கும் பயமில்லை."

அந்த எண் கட்டிலின் கால்மாட்டில் இருந்த திரையில் பச்சை நிறத்தில் தெரிந்தது. முதல் நாள் தொண்ணூறு. அடுத்த நாள் நூற்றெழுபது. மாரிச்செல்விக்கு எண் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் தன் டைரியில் மணியும் எண்ணுமாக எழுதி வந்தாள். உள்ளே சஷ்டிகா மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடந்தாள். அவள் வயிறு மட்டும் எப்போதாவது லேசாக அசையும்.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து நாற்காலியில் சங்கரன்கோவில் அம்மாள் ஒருத்தி. ஊர், சாதிசனம், சாப்பிட்டாயிற்றா எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு வழக்கமான இடத்துக்கு வந்தாள்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?"

"இல்ல."

அந்த அம்மாள் 'ச்சு' கொட்டினாள். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவள் போல, காப்பியின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மாரிச்செல்விக்கு இது பழகிப்போனதுதான். எத்தனையோ கல்யாண வீட்டில், எத்தனையோ பந்தியில் கேட்ட 'ச்சு'.

மூன்றாம் நாள் எண் முந்நூற்றுப் பத்துக்கு வந்தது. சஷ்டிகாவின் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. கூப்பிட்டால் புருவம் அசைந்தது. இசக்கிராஜ் மூன்று நாளுக்குப் பிறகு ஒரு தோசையை முழுதாகத் தின்றான்.

நாலாம் நாள் காலை திரை சிவப்பாக மாறியது. நானூற்று அறுபது.

*

டாக்டர் பெனிட்டா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நானூறு தாண்டிடுச்சு. ஏறிட்டே இருக்கு. பிள்ளை ரத்தத்தை இறைக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த ஊசி மத்தியானம் ரெண்டு மணிக்கு. அதைப் போட்டா அம்மா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பிள்ளை தாங்காது. போடலைன்னா பிள்ளை இப்போதைக்குத் தப்பிக்கும். ஆனா வீக்கம் திரும்ப வரும். அம்மாவைக் காப்பாத்த முடியாது. அம்மா போனா…" அவர் அதை முடிக்கவில்லை.

"பிள்ளைய வெளிய எடுத்துட்டா?" இசக்கிராஜின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இருபத்தாறு வாரம். பிள்ளையை வளர்த்துடலாம். ஆனா மூளை இப்படி வீங்கியிருக்கிறப்ப அந்த ஆபரேஷனை உங்க மனைவி தாங்கமாட்டாங்க. சட்டப்படி நீங்கதான் தம்பி கையெழுத்துப் போடணும். பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

இசக்கிராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். மாரிச்செல்விதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள். அன்றிலிருந்து எந்தச் சிக்கலுக்கும் அவன் சொல்கிற பதிலைத்தான் இப்போதும் சொன்னான்.

"அக்கா, நீ சொல்லுக்கா."

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். எந்த வண்டி முதலில் போக வேண்டும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வாய் அது. இந்த ஒன்றை எப்படிச் சொல்லும்? கை தன்னிச்சையாக டைரியைப் புரட்டியது. தொண்ணூறு, நூற்றெழுபது, இருநூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து. எண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீக. எண்ணுற மெஷினு தப்பா எண்ணாதா? எங்க பஸ் ஸ்டாண்டுல இப்படித்தான் ஒரு மெஷினு, ஒரே பஸ்ஸ ரெண்டு தடவ எண்ணிப் போட்டுது."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் ஏதோ ஓர் உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

"நானும் ரெண்டு தடவை எண்ணச் சொல்லிப் பாத்துட்டேன். ஸ்கேன்ல பாத்தா பிள்ளை நல்லாத்தான் இருக்கு. ரத்தம் இறைக்கிற பிள்ளை மாதிரித் தெரியலை. ஆனா ஸ்கேன்ல தெரியற வரைக்கும் காத்திருந்தா காலம் கடந்துடும். எண்ணை நம்பித்தான் ஆகணும்."

"அது பிள்ளையோட அணுதான்னு எப்படித் தெரியுது?"

"உங்க தம்பி ரத்தம் கொடுத்தார் இல்லையா? தகப்பனோட அடையாளம் இருக்கிற அணுவை எல்லாம் மெஷின் எண்ணும். தாயோட ரத்தத்துல தகப்பன் அடையாளம் வேற எப்படி வரும்? பிள்ளை வழியாத்தான் வரணும்."

"அந்த அடையாளம் முன்ன உள்ள பிள்ளைக்கும் இருக்குமே," என்றாள் மாரிச்செல்வி.

"இருக்கும். ரெண்டாவது, மூணாவது பேறுன்னா ஆரம்பத்திலேயே ஒரு பிரிப்புச் சோதனை செஞ்சு தனித்தனியா எண்ணுவோம். மூத்த பிள்ளையோட அணு எத்தனை பெருகினாலும் வயித்துல இருக்கிறதுக்கு ஒரு கெடுதலும் கிடையாது. அது ஏற்கெனவே அம்மாகிட்ட குடியிருக்கிறது. ஆனா இவங்களுக்கு இதுதானே முதல்?"

இசக்கிராஜ் மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். அக்காளைப் பார்த்தான். மூன்று வருடமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவைப் போட்டவள்தான் எடுக்க வேண்டும்.

மாரிச்செல்விக்கு அவமானம் ஒரு பக்கம். படிவத்தை எழுதியது அவள் கை. அதைவிடப் பெரிதாக ஒரு பயம். போனதை வாயால் சொன்னால் இருப்பதற்கும் ஆகாது என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். சொல்லாமல் விட்டதுதான் இப்போது இரண்டு உயிரைக் கொல்லப் பார்க்கிறது என்பது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

"முதல் இல்ல டாக்டரம்மா," என்றாள். "முன்ன ஒண்ணு உண்டு. மூணு வருஷத்துக்கு முன்ன. அஞ்சாம் மாசத்துல போயிட்டுது. ஆம்பளப் பிள்ள."

டாக்டர் பெனிட்டா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"படிவத்துல முதல்னு எழுதியிருக்கீங்களே!"

"பெத்து எடுக்கலியே, அதான்…"

"பெத்தீங்களான்னா கேட்டிருக்கு? எத்தனையாவது கர்ப்பம்னு கேட்டிருக்கு! அம்மா, நான் இன்னிக்கு மத்தியானம் ஓர் உயிரைப் போக விட்டிருப்பேன். தெரியுதா உங்களுக்கு?"

பதினாறு வருடமாக டிரைவர்களை நிற்க வைத்துத் திட்டியவள், தலை குனிந்து அந்தத் திட்டை வாங்கிக்கொண்டாள். இத்தனை சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். ஒரு கதவு திறந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. டாக்டர் அதற்குள் தொலைபேசியில் ஆய்வகத்தை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பிரிப்புச் சோதனை. ஆமா, இப்பவே. மூணு மணி நேரமெல்லாம் கிடையாது. ஒன்றரைக்கு எனக்கு எண் வேணும்."

*

மணி பதினொன்று. வராந்தாவில் வெயில் கம்பி நிழல்களைத் தரையில் போட்டிருந்தது. இசக்கிராஜ் அங்கும் இங்கும் நடந்தான். அக்காளைக் குற்றம் சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் பேசினாள்.

"என்னயத் திட்டுடா."

"நானும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்."

"நான் சொன்னேன்னுதான இருந்த."

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் ஒரு கோப்போடு அந்தப் பக்கம் வந்தார். முந்திய கர்ப்பத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கோபம் அடங்கியிருந்தது. மாரிச்செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். இசக்கிராஜ் கண்ணாடித் தடுப்பின் பக்கம் போயிருந்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? அஞ்சாம் மாசத்துல போனதுனால அது தங்கியிருக்கு. ரெண்டாம் மாசம், மூணாம் மாசம்னா?"

"அப்பவும் தங்கும்மா. ஏழெட்டு வாரத்திலேயே வர ஆரம்பிச்சிடும்."

"எத்தன வருசம் இருக்கும்?"

"இருபத்தேழு வருஷம் கழிச்சுக்கூடப் பாத்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், போகணும்னு அதுக்கு ஒண்ணும் இல்லை. அந்தத் தாய் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"உசுரோடயா?"

"உயிரோடதான். சும்மா இருக்காது. புண்ணு எங்க இருந்தாலும் அங்க போய் நிக்கும். எங்க மருந்தே அதைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

மாரிச்செல்வி கோப்பைக் கொடுத்துவிட்டு வராந்தாவின் கோடிக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும். அவளும் அதைத்தான் சொல்லி வந்தாள். இருபத்திரண்டு வயதில் ஒன்று, இரண்டாம் மாதம். இருபத்து நாலில் ஒன்று, நாலாம் மாதம். இருபத்தேழில் ஒன்று, மூன்றாம் மாதம். அதற்குப் பிறகு புருஷனும் வேறு ஒருத்தியைத் தேடிக்கொண்டு போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் 'இதைக் கணக்கில் வைக்காதே, அடுத்தது நிற்கும்' என்று அவளிடம் சொன்னார்கள். அவள் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். மூன்று கோடு இழுத்தாயிற்று. சஷ்டிகாவுக்கு அவள் சொன்னது, தனக்கு மற்றவர்கள் சொன்னதைத்தான்.

இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து அடிபட்ட இடம். எலும்பு இத்தனை சீக்கிரம் கூடியது அதிசயம்தான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாரிச்செல்வி அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் அதன் பாட்டுக்கு வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

*

ஒன்று இருபதுக்கு டாக்டர் பெனிட்டா வராந்தாவில் ஓடி வந்தார். அவர் ஓடுவார் என்று நர்ஸுகளே எதிர்பார்க்கவில்லை.

"நூத்துல எண்பத்தேழு அவன்தான்! மூத்தவன்! எல்லா வேலையும் பையன்தான் பாத்துட்டிருக்கான். உள்ள இருக்கிறவ பத்திரமா இருக்கா. அவளோடது வெறும் அறுபதுதான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொன்னால் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் அப்போதும் மாறவில்லை.

"நான் எதுவும் சொல்லலை. நீங்களும் எதுவும் கேக்கலை."

"எங்களுக்கு என்ன கேட்டுது? ஒண்ணும் கேக்கல டாக்டரம்மா," என்றாள் மாரிச்செல்வி, அழுகையும் சிரிப்புமாக. இசக்கிராஜ் டாக்டரின் காலில் விழப் போனான். அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, "தம்பி, எனக்கு ரெண்டு மணிக்கு ஊசி போடணும், வழியை விடுங்க," என்றார்.

ஊசி போட்டார்கள். எண் ஐந்நூறு ஆயிற்று, அறுநூற்று எழுபது ஆயிற்று. இப்போது திரையில் இரண்டு எண்கள். மேலே பெரியது, கீழே சின்னது. பெரியது ஏற ஏற மாரிச்செல்வி தன் வண்டி மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு போவதைப் பார்ப்பவள் போல நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். சின்ன எண் அறுபதிலேயே சமர்த்தாக இருந்தது. டைரியில் இரண்டையும் தனித்தனியாக எழுதினாள்.

ஆறாம் நாள் காய்ச்சல் முழுதாக இறங்கியது. எட்டாம் நாள் சஷ்டிகா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பத்தாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். வந்து படுத்த அரை மணி நேரத்தில், ஆஸ்பத்திரி இட்லி வாயில் வைக்க முடியவில்லை என்றாள். மூளை தெளிந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை என்று இசக்கிராஜ் சொன்னான்.

நடந்தது எல்லாவற்றையும் டாக்டரே அவளிடம் சொல்லியிருந்தார். சஷ்டிகா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வேலவனா இத்தனையும் செஞ்சான்?"

"அவன்தான்," என்றான் இசக்கிராஜ்.

மாரிச்செல்விக்கு விளங்கவில்லை. "யாருட்டி வேலவன்?"

இரண்டு பேரும் பிடிபட்ட பிள்ளைகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சஷ்டிகாதான் சொன்னாள்.

"நாங்க அவனுக்குப் பேரு வச்சிருந்தோம் மதினி. வீட்டுல நீங்க இல்லாதப்ப அவனப் பத்திப் பேசுவோம். இப்ப இருந்தா நடந்திருப்பான், பேசியிருப்பான்னு. வருசத்துக்கு ஒரு தடவ போயி அந்த இடத்துல பாலூத்திட்டு வருவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீங்கதான் கணக்குல கிடையாதுன்னு சொல்லிட்டீகளே."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அது குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. மாரிச்செல்வி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சஷ்டிகாவின் மெலிந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்புத்தான் ஆத்தா. நான் சொன்னது தப்பு. அவன்தான் தலைச்சன். இது ரெண்டாவது." பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "ஒன்னயக் காப்பாத்திக் குடுத்துட்டான் என் மருமகன்," என்றாள். சஷ்டிகா அவள் கையை விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சஷ்டிகா கேட்டாள். "என் வளையல் எங்க மதினி?"

மாரிச்செல்வி பத்து நாளாகச் சேலை மாற்றும்போதெல்லாம் புது முந்தானையில் முடிந்து முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். சிவப்பும் பச்சையுமாக இருபத்தொரு கண்ணாடி வளையல். ஒன்றுகூட உடையவில்லை.

"சிஸ்டரக் கூப்பிடுதேன். அவுகளுக்கு ரெண்டு பிள்ளைக. போட்டுவிடச் சொல்லுவோம்."

"நீங்க போடுங்க."

"ஏட்டி, நான் எப்படி…"

"நீங்கதான் போடணும். அன்னைக்கே ஒங்களத்தான் தேடுனேன்."

மாரிச்செல்வி தயங்கினாள். இசக்கிராஜைப் பார்த்தாள். அவன் சன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினான். அவள் முதல் வளையலை எடுத்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே மெதுவாக ஏற்றினாள். கை இளைத்திருந்ததால் சுலபமாக ஏறியது.

பக்கத்துக் கட்டிலுக்கு அன்று காலைதான் ஒரு கர்ப்பிணி வந்திருந்தாள். அவளுக்குத் துணையாக வந்த பெரியம்மாள் வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் வளையல் போடுவதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாத்தனாரா? நல்லாப் போடுங்க. ஒங்களுக்கு எத்தன பிள்ளைக தாயி?"

இசக்கிராஜின் முதுகு விறைத்தது. பேச்சை மாற்றுவதற்காக அவன் அவசரமாகத் திரும்பினான்.

"மூணு," என்றாள் மாரிச்செல்வி.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நல்லாருக்கட்டும். எல்லாரும் எங்க இருக்காக?"

மாரிச்செல்வி அடுத்த வளையலை எடுத்தாள். தன் முழங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"எங்கூடத்தான் இருக்காக," என்று சொல்லிவிட்டு, சஷ்டிகாவின் மற்றக் கையை வாங்கி வளையலைப் போட ஆரம்பித்தாள்.